அரையே வீசம் புல்டோக்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கீழ்க்கணக்கு என்னும் கீழ்ப் பிரிவிலிருந்து மேற்கணக்குக்கு ஏறும் குறுக்குப்பாதையில் 214 கற்படிகள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்து நண்பகல் ஒன்றில், அவற்றில் பாதியைக்கூடத் தாண்டாமல், புரூனோ என்ற என் ஆங்கிலப் புல்டோக் நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு கல்லோடு கல்லாகப் படுத்துவிட்டது. நாக்கு கருநீலமாகியிருந்தது, தொண்டைக்குள்ளிருந்து ரம்பம் இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. 24 கிலோ எடையுள்ள அதைத் தோளில் போட்டுக்கொண்டு, குழாயில் தண்ணீர் விழும் பீலிக்கரைக்கு இறங்கி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரை ஊற்றி, கால் மணி நேரம் கழித்து அது தலையைத் தூக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தலவாக்கலைப் பக்கத்துக் குளிருக்குப் புல்டோக் ஏற்ற நாய் என்று, கொழும்புக்கு மாற்றலாகிப் போகும்போது அதை என்னிடம் விட்டுச்சென்ற அதிகாரி சொல்லியிருந்தார். குளிரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஏற்றத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

மலையேறக்கூடிய, இரவில் சத்தமில்லாமல் உறங்கக்கூடிய, ஆனாலும் பார்த்தவுடன் புல்டோக் என்று சொல்லத்தக்க ஒரு நாயை நானே உருவாக்கிவிடலாம் என்ற எண்ணம் அந்தப் பீலிக்கரையில்தான் தோன்றியது. அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் அதிலேயே போயின. எந்த இனத்தின் இரத்தம் நூற்றுக்கு எத்தனை என்ற இரத்த வீதத்தை வைத்துக்கொண்டு புதிய நாய் இனம் உருவாக்கப் புறப்படும் இளைஞர்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். கணக்கு எங்கே எனக்கு உதவியது, எங்கே என்னை ஏமாற்றியது என்பதை அவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

நான் தோட்ட அலுவலகத்தில் கிளாக்கராக இருந்தவன். கொழுந்து நிறை, செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேடு, சம்பளம் என்று எதையும் நிரல் போட்டு எழுதியே பழகிய கை இது. அதற்கும் முன்னால், அப்பா வளர்த்த மாடுகளின் அட்டைகள்தாம் எனக்கு இரத்தக் கணக்கைக் கற்றுத்தந்தன. சினை ஊசி போட வருகிறவர், பிறக்கப்போகும் கன்றின் இரத்தத்தை அட்டையில் பின்னமாக எழுதிவிட்டுப் போவார். நாட்டுப் பசுவுக்கு ஜேர்சிக் காளையின் விந்தைச் செலுத்தினால் பிறப்பது அரை ஜேர்சி. அந்தக் கிடேரிக்கு மறுபடியும் ஜேர்சி என்றால் முக்கால். அதற்கடுத்தது முக்காலே அரைக்கால், அதாவது எட்டில் ஏழு. நான்காவது தலைமுறை முக்காலே மூன்று வீசம்; வீசம் என்பது பதினாறில் ஒன்று என்பதால், பதினாறில் பதினைந்து. ஏறத்தாழ எல்லாம் என்பதற்கு நாம் ஏன் ‘முக்காலே மூணு வீசம்’ என்கிறோம் என்பதைத் தாத்தா மாட்டுக் கொட்டகையில் நின்றுதான் எனக்கு விளக்கினார். பாதி, பாதியின் பாதி, அதிலும் பாதி என்று இறங்குகிற அரை, கால், அரைக்கால், வீசம் என்ற நம் பழைய வரிசை, பரம்பரைக் கணக்குக்கென்றே அமைத்ததுபோல இருக்கும்.

ஆகவே, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டேவிட் லெவிட் என்பவர் 1971இல் தொடங்கிய முயற்சியைப் பற்றி வாசித்தபோது அது எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் காளையின் மீது நாயை ஏவிவிடும் விளையாட்டு 1835இல் சட்டத்தால் தடுக்கப்பட்டபின், வேலை போன புல்டோக் படிப்படியாகக் கண்காட்சி நாயாகி, முகம் குறுகி, மூக்கு உள்வாங்கி, இன்றைய உருவத்துக்கு வந்தது. லெவிட் அந்தப் பழைய உடல்வாகை, சண்டைக் குணம் இல்லாமல், மீட்க விரும்பினார். பாதி ஆங்கிலப் புல்டோக். மீதிப் பாதியில் புல்மாஸ்டிஃப், அமெரிக்கப் பிட்புல் டெரியர், அமெரிக்கப் புல்டோக் ஆகியவை தலைக்கு ஆறில் ஒரு பங்கு என்பது அவருடைய கலவை. இனவிருத்தி முறையை, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நாதன் ஃபெச்சைமர் மாடுகளுக்காக வகுத்திருந்த திட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார். ‘மாடுகளுக்காக’ என்று வாசித்ததும் எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. அப்பாவின் அட்டை இருக்கிறது, தாத்தாவின் வாய்ப்பாடு இருக்கிறது, நாய் மட்டுந்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய நாய்களை, நாய் இனங்களைப் பதியும் அமெரிக்காவின் யுனைட்டட் கெனல் கிளப் என்ற சங்கம் ஓர் இனமாக ஏற்றுக்கொண்டது 2014இல். தொடங்கி 43 ஆண்டுகள் ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், நான் கோழி வளர்க்கப் போயிருப்பேன்.

புல்மாஸ்டிஃபுக்கு எனக்கு வசதி இல்லை. கண்டியிலிருந்து ஒரு பொக்சர் பெட்டை கிடைத்தது. நீண்ட கால், திறந்த மூக்கு, அன்பான குணம். இங்கேயே முதல் சிக்கல் ஒன்று ஒளிந்திருந்தது. பொக்சர் என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியில், அந்நாட்டின் பழைய வேட்டை நாயையும் இங்கிலாந்துப் புல்டோக்கையும் கலந்து உருவானது. என் பேரேட்டில் அதன் புல்டோக் இரத்தம் பூச்சியம் என்று எழுதினேன். உண்மையில் அது பூச்சியம் அன்று. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறோமோ அந்த நாளில் நிற்கிற நாய்களையெல்லாம் முழு இரத்தம் என்று வைத்துக்கொண்டுதான் இந்த வீதங்கள் கணக்கிடப்படுகின்றன. அதற்கு முந்திய கதையை வீதம் அறியாது.

2011இல் முதல் ஈற்று. தாயாகப் பொக்சரையும் தகப்பனாகப் புரூனோவையும் வைத்தேன். புல்டோக் குட்டியின் தலை பெரியது, புல்டோக் தாயின் இடுப்பெலும்பு குறுகியது. பிரித்தானியாவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் புல்டோக் ஈற்றுகளில் 80 வீதத்துக்கும் மேற்பட்டவை அறுவைச் சிகிச்சையில் முடிந்ததாகக் கண்டிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் பேராதனைக் கால்நடை வைத்தியசாலைக்கு வாகனம் தேடி ஓடும் நிலையில் நான் இல்லை. ஆகவே, புதிதாகத் தொடங்குகிறவர்கள் குறுமுக நாயைத் தகப்பன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அறுபத்திரண்டாம் நாள் பொக்சர் தன் பாட்டில் ஏழு குட்டிகளை ஈன்றது. ஏழும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தன: அகன்ற தலை, அளவான மூக்கு, நேரான வால். பேரேட்டில் ஏழு வரிகளிலும் ‘50’ என்று எழுதிக் கீழே கோடு இழுத்தேன். கணக்குப் பிசகாமல் வந்த ஈற்று எனக்கு அது ஒன்றுதான். அந்த ஒன்றே என்னைக் கெடுத்தது.

அரையும் அரையும் சேர்ந்தால் அரை. அதன்படி, அந்த ஈற்றில் பிறந்த ஓர் ஆணையும் ஒரு பெட்டையையும் 2013இல் சேர்த்தேன். அதே அளவான நாய் மறுபடியும் பிறக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆறு குட்டிகள் பிறந்தன. ஒன்று மேலண்ணம் பிளந்திருந்து மூன்றாம் நாள் இறந்தது. மீதி ஐந்தில் ஒன்று அசல் பொக்சர். முன்பின் தெரியாதவர் அதில் புல்டோக் இருப்பதாகச் சொல்லமாட்டார். இரண்டு, இடைப்பட்டவை. மற்ற இரண்டுக்கும் வால் வேரிலேயே முறுக்கிக்கொண்டு, ஆணியைச் சுத்தியலால் அடித்து வளைத்ததுபோல இருந்தது. அவற்றில் சிறியதை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்தபோது, மூக்குத் துளைகள் இரண்டும் நகத்தால் கீறிய கோடுகளாகத் தெரிந்தன. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தக் கோடுகள் அகலுவதற்குப் பதிலாக ஒட்டிக்கொண்டன. பாலைக் குடிக்கும்போது இரண்டு மிடறுக்கு ஒருமுறை வாயை எடுத்து மூச்சு வாங்கியது. புரூனோவை எங்கே விட்டேனோ அங்கேயே வந்து நின்றேன். பேரேட்டில் அதற்கும் 50, அந்தப் பொக்சர் முகத்துக்கும் 50.

நடந்தது என்ன என்று விளங்கிக்கொள்ள எனக்குத் தேயிலைதான் கைகொடுத்தது. எங்கள் மேற்கணக்கில் பழைய விதைத் தேயிலை நிற்கிறது. கீழ்க்கணக்கில் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 என்ற வி.பி. தேயிலை. வி.பி. என்பது ஒரே தாய்ச்செடியின் துண்டுகள்; ஏக்கர் முழுவதும் ஒரே இலை, ஒரே நேரத்தில் துளிர். விதைத் தேயிலையில் அடுத்தடுத்த இரண்டு செடிகள்கூட ஒத்துப்போகா. நாயில் வி.பி. கிடையாது, எல்லாம் விதைதான். ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து 39, தகப்பனிடமிருந்து 39 என்று, மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களைப் பெறுகிறது. முதல் தலைமுறைக்கு ஒரு முழுத் தொகுதி புல்டோக்கிலிருந்தும் ஒரு முழுத் தொகுதி பொக்சரிலிருந்தும் வருவதால், அங்கே 50 என்பது துல்லியமான கணக்கு. இரண்டாம் தலைமுறையில் தாயும் தகப்பனும் தம்மிடமுள்ள இரண்டு தொகுதிகளையும் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துத் தருகின்றன. அங்கே 50 என்பது பல குட்டிகளின் சராசரி. தனிக்குட்டி ஒன்றுக்கு 40ஆகவும் இருக்கலாம், 60ஆகவும் இருக்கலாம். அளவு ஒத்திருந்தாலும்கூட, வந்தது மூக்கின் பங்கா, காலின் பங்கா என்பதைச் சதவீதம் சொல்லாது. முறுக்கு வாலுக்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டபோதுதான், முதல் தலைமுறையில் ஒற்றைப் பிரதியாய் ஒளிந்திருந்தது இரண்டாவதில் இரட்டையாகி வெளிவந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

இன்னொரு வீதத்தை நான் எழுதவே இல்லை. சூவல் ரைட் 1922இல் வகுத்த உள்ளினக் கலப்புக் கெழு அது: ஒரு குட்டியின் இரு மரபணுப் பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து இறங்கியிருப்பதற்கான வாய்ப்பு. உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் அது 25 வீதம். தாயையும் மகனையும் சேர்த்தாலும் 25 வீதந்தான். ஒரு பெற்றோரில் மட்டும் ஒன்றுபடுகிறவை என்றால் 12.5, உடன்பிறந்தவற்றின் குட்டிகளை மைத்துன முறையில் சேர்த்தால் 6.25. புல்டோக் 50 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்த நான், அதன் பக்கத்தில் 25 என்ற இன்னோர் எண் எழுதப்படாமல் கிடந்ததைக் கவனிக்கவில்லை. இந்த இரண்டு வீதங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்களை இன்றும் சந்திக்கிறேன். முதலாவது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும், இரண்டாவது அந்த வீட்டுக்கு எத்தனை வாசல் இருந்தது என்பதையும் சொல்கின்றன.

அந்த மழைக்காலம் முழுவதும் லெவிட்டின் கலவையை மறுபடியும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறில் ஒரு பங்கு என்பதை எந்தச் சேர்க்கையாலும் என்னால் எட்ட முடியவில்லை. பிறகு தாத்தாவின் வாய்ப்பாட்டை நினைத்தபோது காரணம் தெரிந்தது: ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாக்கிக்கொண்டே போனால் கிடைப்பவை அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவற்றின் கூட்டல்கள் மட்டுமே, அந்த வரிசையில் ஆறில் ஒன்று கிடையாது. 32இல் 5 என்றால் 15.6 வீதம், 64இல் 11 என்றால் 17.2 வீதம், ஆறில் ஒன்றைச் சுற்றி வரலாம், அதன் மேல் உட்கார முடியாது. 1924இல் இங்கிலாந்தில் அங்கீகாரம் பெற்ற புல்மாஸ்டிஃபுக்குச் சொல்லப்படும் 60 வீதம் மாஸ்டிஃப், 40 வீதம் புல்டோக் என்பதும் இப்படித்தான்: எட்டில் ஐந்து 62.5, பதினாறில் ஒன்பது 56.25, 60 எந்தத் தனி நாயிலும் இல்லை. இந்த எண்கள் மந்தை முழுவதற்குமான இலக்குகள். தசமத்துக்காக ஒரு நல்ல நாயைத் தள்ளிவிட்டு மோசமான நாயைச் சேர்ப்பது போன்ற மடமை வேறில்லை. அந்த மடமையை நான் ஒருமுறை செய்தும் இருக்கிறேன்.

மூன்றாம் கட்டத்தில்தான் கறுப்பி வந்தாள். மேற்கணக்கில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்து கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருடைய நாட்டு நாய். ஆறு வயதில் ஒருநாளும் மருந்து கண்டதில்லை. சிறுத்தை வந்து நாய்களைத் தூக்கிக்கொண்டு போகிற அந்த லயத்தில் ஆறு வயதுவரை இருப்பதே ஒரு தகுதி. உண்ணிக் காய்ச்சல் இரண்டு முறை தோட்டத்து நாய்களை வாரிச்சென்றபோதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் ஈற்றில் பிறந்த ராஜா என்ற ஆணை அவளுடன் 2014இல் சேர்த்தேன். பிறந்த ஐந்தும் கால் புல்டோக், கால் பொக்சர், அரை நாட்டு நாய். குட்டிகளைத் தன் இஸ்தோப்பில், அதாவது வீட்டுத் திண்ணையில், வைத்து அட்டையும் பேனையுமாக நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்.

“என்னாங்க கிளாக்கரய்யா எழுதுறீங்க? இதுக்கு எவ்வளவு?”

“புல்டோக்குல கால்தான் அக்கா.”

“காலோ அரையோ, மூக்கு முழுசா இருக்குல்ல?”

மூக்குக்கென்று ஒரு நிரல் என் பேரேட்டில் அதுவரை இருக்கவில்லை. அன்றிரவே புதிய பேரேடு ஒன்றில் கோடு போட்டேன். முதல் நிரல் மூக்குத் துளை, இரண்டாவது உறக்கத்துச் சத்தம், மூன்றாவது ஏற்றம், பிறகு ஈற்று, தோல், குணம், உள்ளினக் கலப்புக் கெழு, கடைசி நிரலில் இரத்த வீதம். பிற்பாடு 2019இல், பிரித்தானியாவில் கெனல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நாயை மூன்று நிமிடம் துள்ளு நடையில் ஓட்டி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வைத்தியர் குழாய் வைத்துத் தொண்டையைக் கேட்டு, பூச்சியத்திலிருந்து மூன்றுவரை தரமிடுகிறார். ஓய்வில் அமைதியாக இருக்கும் நாய் ஓடிய பிறகு காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் இதன் நுட்பம். எங்கள் ஊரில் 214 படிகளும் அதே வேலையைச் செய்கின்றன. ஆனால் வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்குள் ஏற்றிப் பாருங்கள். நாய் தானாக உட்கார்ந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, படியின் எண்ணை எழுதிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். வற்புறுத்தி ஏற்றுவது சோதனை அன்று, வதை.

கறுப்பியின் மகள் மணியை, புரூனோவுக்கு உறவில்லாத ஒரு புல்டோக்குடன் 2017இல் சேர்த்தேன். வைத்தியர் தொண்டையைக் கேட்டுச் சரி என்று சொன்ன பின்பே அந்த ஆணைத் தெரிந்தெடுத்தேன். அரையே அரைக்கால் புல்டோக், அதாவது 62.5. ஆறு குட்டிகளில் இரண்டை மட்டும் இனவிருத்திக்கு வைத்துக்கொண்டேன். அவற்றில் பெட்டையை, பண்டாரவளை நண்பர் ஒருவர் வேறொரு புல்டோக்கையும் வேறொரு பொக்சரையும் சேர்த்துப் பெற்ற ஓர் அரைக்கு அரை ஆணுடன் 2020இல் இணைத்தோம். கிடைத்தது 56.25 வீதம் புல்டோக், 31.25 பொக்சர், 12.5 நாட்டு நாய்: அரையே வீசம், காலே வீசம், அரைக்கால். கூட்டிப் பார்த்தால் சரியாக ஒன்று. அந்த ஈற்றில் பிறந்த ஆணுக்கு வீசம் என்றே பெயர் வைத்தேன். ஒன்றரை வயதில் 214 படிகளையும் ஏறி, மேலே கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் அருகே என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. மூச்சு வாங்கியது நான்தான்.

நாட்டு நாயின் பங்கு அரைக்காலுக்கு இறங்கிவிட்டதே, கறுப்பி தந்தது போய்விடாதா என்று பண்டாரவளை நண்பர் கவலைப்பட்டார். அவருக்கு நான் சொன்னது டல்மேஷன் கதை. டல்மேஷன் நாய்கள் யாவும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகும் குறையோடு பிறந்தன. சரியான மரபணு அந்த இனத்திலேயே இல்லாமற் போயிருந்தது. அமெரிக்காவில் ரொபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973இல் ஒரே ஒருமுறை பொயின்டர் நாயைக் கலந்தார். பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த ஒற்றை மரபணுவை ஏந்திய குட்டியை மட்டும் தெரிந்தெடுத்து டல்மேஷனுடனேயே சேர்த்துவந்தார்கள். பொயின்டரின் இரத்தம் வீசத்தையும் தாண்டி, எண்ணி எழுத முடியாத அளவுக்குக் கரைந்தது. அந்த மரபணு கரையவில்லை. 2011இல் அமெரிக்கக் கெனல் கிளப் அந்தப் பரம்பரையைப் பதிவுக்கு ஏற்றது. தெரிந்தெடுத்தால் வீசத்துக்குக் கீழேயும் தங்கும். தெரிந்தெடுக்காவிட்டால் காலில் இருந்தாலும் நழுவிவிடும். மூக்கு ஒற்றை மரபணுவின் வேலை அன்று என்பதால் எங்கள் பாடு இன்னும் கடினம்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் பாதியில் நிறுத்தியது. அரிசி விலையும் இறைச்சி விலையும் ஏறிய வேகத்தில் எட்டு நாய்களுக்குத் தீனி போட எனக்குக் கட்டவில்லை, நான்கைக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றோடும் ஓர் அட்டையைக் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் விசாரித்துப் பழைய பேரேட்டிலேயே எழுதிவருகிறேன். கொடுத்த குட்டிகளைப் பற்றி எழுதாதவர்களின் பேரேட்டில் நல்ல குட்டிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். இரண்டு பேரின் எட்டு நாய்களை வைத்து ஓர் இனத்தைக் கட்ட முடியாது என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். உறவில்லாத பல தாய்வழிகள் வேண்டும். அவற்றை வளர்க்கப் பல வீடுகள் வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் பேரேடு வேண்டும். என்னிடம் இருப்பது சில நல்ல நாய்கள். இனம் என்று அவற்றை நான் யாருக்கும் விற்றதில்லை.

வாங்க வருகிறவர்கள் முதலில் வீதத்தைத்தான் கேட்கிறார்கள். நானு ஓயாவிலிருந்து வந்த ஓர் இளைஞர், “அண்ணே, 75 வீதத்துக்கு மேல இருந்தா எவ்வளவு வேணும்னாலும் தாறேன்” என்றார். 75 வீதமுள்ளதை அழைத்துவந்து அவர் காலடியில் படுக்கவைத்தேன். பத்து நிமிடம் அதன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு தேநீர் குடித்தார்; பிறகு வீசத்தின் தம்பியைக் காட்டி அதன் விலையைக் கேட்டார்.

வீசத்துக்கு இப்போது உறவில்லாத ஒரு பெட்டை தேவை. சென்ற மாதம் குருநாகலில் ஒருவரிடம் அரைக்கலப்புப் பெட்டை ஒன்று இருப்பதாக அறிந்து பேசினேன். அது இரவில் குறட்டை விடுமா என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, வம்சாவளிப் பத்திரத்தை அனுப்பட்டுமா என்றார். அனுப்புங்கள், ஆனால் இன்றிரவு நாய் உறங்கிய பிறகு தொலைபேசியை அதன் தலைமாட்டில் ஐந்து நிமிடம் வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்ததால், காதோடு அழுத்திக்கொண்டு கொட்டகைக்குள் போய் நின்று கேட்டேன்.